வேளச்சேரில 2 பெட்ரூம் வீடு 13,000 தானாம், ஓனர் மிலிட்டரியாம், வீட்டை பாக்கவே 5,000 அனுப்ப சொல்றாரு, நம்பலாமா?

மதுரைப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மதுரைல இருக்கோம், வீட்டுக்காரருக்கு பெருங்குடில வேலை கிடைச்சிருக்கு, 1ம் தேதி ஜாயின் பண்ணணும். கைக்குழந்தைய வச்சுக்கிட்டு சென்னைக்கு ஓடி ஓடி வீடு பாக்க முடியாதுன்னு ஆன்லைன்லயே ரெண்டு வாரமா தேடிட்டு இருக்கேன். வேளச்சேரில ஒரு வீடு வந்துச்சு, 2 பெட்ரூம், ரெண்டுலயும் ஏசி, மாடுலர் கிச்சன், பால்கனி, வாடகை வெறும் 13,000, அட்வான்ஸ் ரெண்டு மாசம். அதே ஏரியால மத்த வீடெல்லாம் 22, 25ன்னு சொல்றாங்க.

ஃபோன் பண்ணா இந்தி கலந்த இங்கிலீஷ்ல ஒருத்தர் பேசுறாரு, சிஐஎஸ்எஃப்ல (ஏர்போர்ட்டுக்கெல்லாம் காவல் இருக்கற மத்திய படை) இருக்காராம், சென்னை ஏர்போர்ட்ல ட்யூட்டி பாத்துட்டு இப்ப வடக்க ட்ரான்ஸ்ஃபர் ஆயிட்டாராம், வீடு சும்மா பூட்டி கிடக்காம நல்ல ஃபேமிலியா வந்தா போதும், பணம் பெருசில்லைன்னு சொல்றாரு. கேக்காமலே ஐடி கார்டு, ஆதார், யூனிஃபார்ம்ல நிக்கிற ஃபோட்டோ எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாரு. சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்காம், ஆனா அப்பார்ட்மென்ட் உள்ள விட கேட் பாஸ் போடணும், அதுக்கு 5,000 அனுப்பணும், வீடு பிடிக்கலைன்னா திருப்பி குடுத்துருவாங்களாம். இன்னும் மூணு பேர் கேட்டுட்டு இருக்காங்க, சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்கன்றாரு.

எனக்கு என்னமோ உறுத்துது. இவரு என்னடான்னா யூனிஃபார்ம் போட்டவன் 5,000க்கு ஏமாத்துவானான்றாரு, எங்க மாமனார் ஆர்மில இருந்து ரிட்டையர் ஆனவரு, அதனால மிலிட்டரின்னாலே இவருக்கு ஒரு மரியாதை. ஃபோட்டோ எல்லாம் கீழ போட்டிருக்கேன், கொஞ்சம் பாத்து சொல்லுங்க.

ஓஎம்ஆர்_தூசி

அக்கா அனுப்பாதீங்க. அனுப்பாதீங்க. மறுபடியும் சொல்றேன் அனுப்பாதீங்க 😀

வீட்டை பாக்க காசு கேக்குற அப்பார்ட்மென்ட் சென்னைல எங்கயும் கிடையாது. கேட்ல ஒரு நோட்டு இருக்கும், பேரு, ஃபோன் நம்பர், எந்த வீடுன்னு எழுதிட்டு உள்ள போவோம், மிஞ்சிப்போனா செக்யூரிட்டி ஓனருக்கு ஃபோன் போட்டு கேப்பாரு, அவ்வளவுதான். இவன் 5,000 வாங்குன உடனே அடுத்து அக்ரிமென்ட் சார்ஜ்னு ஒரு 3,500 கேப்பான், அப்புறம் ஒரு மாச வாடகை போட்டா மொத்தமா ரீஃபண்ட் ஆயிரும்பான், போட்ட 5,000த்தை எடுக்கணுமேன்னு நாமளும் பின்னாடியே போவோம். என் ரூம்மேட் அப்படித்தான் 31,000 வரைக்கும் போனான்.

அப்புறம் அந்த பால்கனி ஃபோட்டோவ பெருசாக்கி பாருங்க, மூணாவது ஃபோட்டோ, கீழ ரோட்டுல ஒரு ஆட்டோ நிக்குது பாருங்க. கருப்பு பாடி, மேல மஞ்சள். அது மும்பை ஆட்டோக்கா. நம்ம ஊர் ஆட்டோ முழுசா மஞ்சள்தான. வேளச்சேரி பால்கனில இருந்து மும்பை தெரியுதுன்னா வீடு நிஜமாவே நல்ல உயரம்தான் போல.

அந்த ஹால் ஃபோட்டோவையும் கூகுள் லென்ஸ்ல போட்டு பாருங்க, எங்கயாவது விக்கிற வீட்டு விளம்பரத்துல அதே சோபா இருக்கும். ஐடி கார்டு, ஆதார் எல்லாம் வேற யாரோடதோதான், இதுக்கு முன்னாடி ஏமாந்தவங்க அனுப்புனதாவே இருக்கலாம். நீங்களும் உங்க ஆதார அனுப்பிட்டீங்களா? அனுப்பலைன்னா அதையும் அனுப்பாதீங்க.

தாம்பரம்_வீட்டுக்காரர்

அம்மா, நான் வீட்டு ஓனர். எனக்கு நடந்தது இதே கதை, ஆனா தலைகீழா.

மாடி போர்ஷன் காலியா இருக்குன்னு பையன் ஆன்லைன்ல விளம்பரம் போட்டான். அன்னைக்கே ஃபோன், மிலிட்டரி ஆபீசராம், தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனுக்கு மாத்தலாகி வர்றாராம், வீட்டை பாக்கவே வேண்டாம், ஃபோட்டோவே போதும், அட்வான்ஸ் இப்பவே போடறேன்றாரு. எனக்கு தலைகால் புரியல. ஆர்மி அக்கவுண்ட்ல இருந்துதான் பணம் வரும், அதுக்கு ஒரு முறை இருக்கு, நீங்க முதல்ல 1 ரூபா அனுப்புங்க, உடனே 2 ரூபா திரும்பி வரும்னாரு. அனுப்பினேன், 2 ரூபா வந்துச்சு. அப்ப நம்பிட்டேன் பாருங்க, ஒத்த ரூபா லாபத்துக்கு. அடுத்து ஒரு க்யூஆர் கோடு அனுப்பி இத ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, 20,000 உங்களுக்கு வரும்னாரு. போட்டேன். போயிடுச்சு. தப்பா போயிருச்சு சார், இன்னொரு தடவை போடுங்க ரெண்டும் சேந்து வரும்னு சொல்லும்போதுதான் பொண்ணு வந்து ஃபோனை பிடுங்கினா.

பணம் வாங்குறதுக்கு யூபிஐ பின் தேவையே இல்லைன்னு அன்னைக்குதான் எனக்கு தெரியும். பின் போட்டாலே நம்ம கணக்குல இருந்து போகுதுன்னு அர்த்தம். பொண்ணு உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு ஃபோன் அடிச்சா, அரை மணி நேரத்துக்குள்ள. அவங்க கேட்டது ட்ரான்ஸாக்‌ஷன் நம்பர், எந்த பேங்க், எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். சைபர் க்ரைம் வெப்சைட்லயும் புகார் பதிஞ்சோம். போன 20,000த்துல 8,000 மட்டும் அந்த ஆளோட கணக்குல மாட்டிக்கிட்டு நின்னுச்சு, மீதிய அதுக்குள்ள எடுத்துட்டான். அந்த 8,000 கைக்கு வர ஏழு மாசம் ஆச்சு. மானம் போகுதேன்னு ரெண்டு நாள் கழிச்சு சொல்லியிருந்தா அதுவும் போயிருக்கும்.

மதுரைப்பொண்ணு

ஐயோ அந்த ஆட்டோவ நான் கவனிக்கவே இல்ல!! இவர்கிட்ட காட்டினேன், ஒண்ணுமே பேசல, மாமாகிட்ட ஃபோட்டோவ எடுத்துட்டு போயிருக்காரு. ஆதார் அனுப்பல, நல்லவேளை.

இன்னொன்னும் கேக்கணும். மடிப்பாக்கத்துல ஒரு ஆபீஸ்ல இருந்து பேசினாங்க, வாடகையே வேண்டாம், 7 லட்சம் லீஸுக்கு குடுத்தா ரெண்டு வருஷம் இருந்துட்டு போகும்போது முழுசா வாங்கிக்கலாமாம். நகைய வச்சு, கொஞ்சம் கையில இருக்கறத போட்டா புரட்டிரலாம். வாடகை மிச்சமாகுமேன்னு இருக்கு. இது சரியா வருமா?

லீஸ்ல_சிக்கினவ

இதுக்கு பதில் சொல்லத்தான் லாகின் பண்ணேன். கொஞ்சம் நீளமா இருக்கும், படிச்சிருங்க.

முதல்ல கேளுங்க, அந்த ஆபீஸ்தான் வீட்டுக்கு ஓனரா? இருக்காது. நாங்களும் இப்படித்தான் 7 லட்சம் குடுத்தோம், உங்க தொகைய பாத்ததும் எனக்கு கை நடுங்கிருச்சு. நடந்தது என்னன்னா, நடுவுல இருக்கற அந்த கம்பெனி நிஜ ஓனர்கிட்ட போய் உங்க வீட்டை நாங்க மெயின்டெய்ன் பண்றோம், மாசம் 18,000 டான்னு வந்துரும்னு வாடகைக்கு எடுத்துக்கும். அதே வீட்டை நம்மகிட்ட லீஸ்னு சொல்லி மொத்தமா பணத்த வாங்கிக்கும். ஓனருக்கு நாம லீஸ்ல இருக்கோம்னே தெரியாது, வாடகைக்கு இருக்கோம்னு நினைச்சுட்டு இருப்பாரு. நமக்கு ஓனர் முகமே தெரியாது, வெளிநாட்டுல இருக்காருன்னு சொல்லிருவாங்க. எங்க ஓனர் பாவம் பல்லாவரத்துலதான் இருந்தாரு.

ஒம்பது மாசம் ஒழுங்கா போச்சு. பத்தாவது மாசம் காலைல ஒரு பெரியவர் வந்து கதவை தட்டி மூணு மாசமா வாடகை வரலையேம்மான்றாரு. நான் எங்களுக்கு வாடகையே இல்லையே சார்ன்னு சொல்றேன். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துட்டு நின்னோம். கம்பெனிக்கு ஃபோன் போனா சுவிட்ச் ஆஃப், ஆபீஸுக்கு போனா பூட்டு, வெளிய எங்கள மாதிரியே நாப்பது அம்பது பேர், அதுல பாதி பேர் ஓனருங்க. போலீஸ்ல புகார் குடுத்தோம், கேஸ் நடக்குது, எப்ப வருமோ.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி உக்காந்து கணக்கு போட்டு பாத்தேன், முன்னாடியே போட்டிருக்கணும். மாசம் 18,000ன்னா வருஷத்துக்கு 2,16,000. எங்க 7 லட்சத்த வச்சு அவன் வருஷம் 2,16,000 சம்பாதிச்சாதான் அந்த வாடகைய கட்ட முடியும். அதாவது 30 வட்டிக்கு மேல! எந்த பேங்க்ல போட்டா அது வரும்? வராது. அப்ப எங்க வாடகைய எங்களுக்கு அப்புறம் வந்தவங்க லீஸ் பணத்துல இருந்துதான் கட்டியிருக்கான், புது ஆள் வர்றது நின்ன அன்னைக்கு எல்லாம் நின்னுருச்சு. நீங்களும் அந்த மடிப்பாக்கம் வீட்டுக்கு சுத்துவட்டாரத்துல வாடகை என்னன்னு கேட்டு இதே கணக்க போட்டு பாருங்க.

இன்னொரு ஆபத்தும் இருக்கு, நேரா ஓனரே லீஸுக்கு குடுத்தாலும். வீட்டு மேல பேங்க் லோன் இருக்கும், அவர் கட்டாம விட்டா பேங்க் வந்து நோட்டீஸ் ஒட்டும், பேங்குக்கு நம்ம லீஸெல்லாம் பொருட்டே இல்ல. எங்க சித்தி வீட்டுல நடந்துச்சு, அம்பத்தூர்ல. அதுக்கு வில்லங்க சான்றிதழ் பாக்கணும், ஈசின்னு சொல்றாங்கல்ல அதான், பதிவுத்துறை வெப்சைட்ல காசில்லாமலே பாக்கலாம், பத்திர நம்பர், வருஷம், சார்பதிவாளர் ஆபீஸ் தெரிஞ்சா போதும். ஓனர்கிட்ட பத்திர ஜெராக்ஸ் கேளுங்க, தர மாட்டேன்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க. ஈசில உரிமை ஆவணங்கள் ஒப்படைப்புன்னு ஒரு வரி இருந்து, அதுக்கப்புறம் லோன் முடிஞ்சதுக்கு ரசீது ஆவணம்னு ஒண்ணு இல்லைன்னா லோன் இன்னும் ஓடிட்டு இருக்குன்னு எடுத்துக்கோங்க. ஃபைனான்ஸ்ல கைமாத்தா பத்திரத்த வச்சிருந்தா அதுல தெரியாது, அதனால ஒரிஜினல் பத்திரத்த கண்ணால பாக்காம பணம் குடுக்காதீங்க.

நகைய வச்செல்லாம் வேண்டாம்மா. வாடகைக்கு போங்க.

வில்லிவாக்கம்_ரவுடி_இல்ல

லீஸ்னாலே ஃபிராடுன்னு சொல்லிர முடியாது சிஸ்டர். நாங்க 5 லட்சம் லீஸ்ல ஆறு வருஷம் இருந்தோம், ஓனர் கீழ் வீட்டுலயே இருந்தாரு, பொண்ணு கல்யாணத்துக்கு பணம் வேணும்னு குடுத்தாரு, காலி பண்ணும்போது 15 நாள் இழுத்தடிச்சாரு, ஆனா பைசா பாக்கி இல்லாம வந்துச்சு. நடுவுல ஆள் இருந்தாதான் பிரச்சனை.

லீஸ்ல_சிக்கினவ

உங்க ஓனர் உங்க கண்ணு முன்னாடி இருந்தாரு ப்ரோ, அதான் வித்தியாசம். பத்திரம் பதிவு பண்ணீங்களா?

வில்லிவாக்கம்_ரவுடி_இல்ல

இல்ல 🙈 ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி கையெழுத்துதான். இப்ப நினைச்சா பயமாதான் இருக்கு. ஒரு வருஷத்துக்கு மேலன்னா ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும்னு அப்புறம்தான் வக்கீல் ஒருத்தர் சொன்னாரு, வாடகைக்கு எல்லாரும் 11 மாசம்னு போடுறதே அதுக்குத்தானாம்.

பழைய_ப்ரோக்கர்

நான் பத்து வருஷம் ப்ரோக்கர் வேலை பாத்தவன், இப்ப கடை வச்சிருக்கேன், அதனால தைரியமா சொல்லலாம். திட்டுறவங்க திட்டிக்கோங்க.

மதுரைப்பொண்ணு தங்கச்சி, உங்க வீட்டுக்காரர மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏத்தி விடுங்க, ரெண்டு நாள் போதும். ஆன்லைன்ல வர்ற வீட்டை விட தெருவுல டூ லெட் போர்டு தொங்குற வீடு ஜாஸ்தி. ஒவ்வொரு தெருமுனையிலயும் ஒரு இஸ்திரி வண்டி இருக்கும், அவர்கிட்ட கேட்டா எந்த வீடு காலி, எந்த ஓனர் நல்லவரு, எந்த வீட்டுல தண்ணி வராது எல்லாம் சொல்லிருவாரு. ஒரு தடவை ஒரு இஸ்திரிக்காரர் என் பார்ட்டிகிட்டயே அந்த வீட்டுக்கு போகாதீங்க ஆறு மாசத்துக்கு ஒரு ஆள் மாறுதுன்னு சொல்லி என் கமிஷனையே கெடுத்துட்டாரு. இப்ப யோசிச்சா அவர் சொன்னது சரிதான்.

ஃபிராடு எங்க நடக்கும்னா டோக்கன்ல. சாவி எப்படியோ ஒருத்தன் கையில கிடைச்சிருக்கும், காலி பண்ணப்போற வாடகைக்காரனாவே கூட இருப்பான், ஓனர் மாதிரி பேசி அஞ்சு பேர்கிட்ட ஆளுக்கு 10,000 டோக்கன் வாங்கிட்டு கிளம்பிருவான். அஞ்சு பேரும் ஒரே நாள் சாமானோட வந்து நிப்பாங்க. அதனால வீட்ட காட்டுறவன் ஓனர்தானான்னு பாக்கணும். ஈபி சர்வீஸ் நம்பர வாங்கி ஃபோன்ல பில் கட்டுற மாதிரி போட்டா யார் பேர்ல இருக்குன்னு காட்டும். வீட்டு வரி ரசீது கேளுங்க. பக்கத்து வீட்டுல தண்ணி கேக்குற மாதிரி போய் ஓனர் பேர் என்னன்னு கேளுங்க, அது எல்லா டாக்குமென்ட்டயும் விட பெஸ்ட். அட்வான்ஸ கேஷா குடுக்காதீங்க, ஓனர் கணக்குக்கே போடுங்க, பணம் போடும்போது வர்ற பேரும் அக்ரிமென்ட்ல இருக்கற பேரும் ஒண்ணா இருக்கணும். மச்சான் கணக்குக்கு போடுங்க, டேக்ஸ் பிரச்சனைம்பாங்க. அது அவங்க பிரச்சனை.

ஓனர் நிஜமாவே வெளிநாட்டுல இருந்தா இங்க யாருக்கு பவர் குடுத்திருக்காருன்னு கேட்டு அந்த பவர் பத்திரத்த பாருங்க. வீடியோ கால்ல ஒரு தடவை பேசுங்க, பேச மாட்டேன்னு சாக்கு சொல்றவன விட்டுருங்க.

அட்வான்ஸ் பத்தியும் ஒண்ணு. 2017ல வந்த வாடகை சட்டம் 2019 பிப்ரவரில இருந்து அமல்ல இருக்கு, அதுல டெபாசிட் மூணு மாச வாடகைன்னுதான் இருக்கு, ஆனா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எழுதினா கூட வாங்கலாம்னு ஒரு சந்து விட்டிருக்காங்க, அந்த சந்துல சென்னை ஓனருங்க எல்லாம் லாரியே ஓட்டுறாங்க. அஞ்சு மாசம் வரைக்கும் கேப்பாங்க, பத்து கேட்டா பேரம் பேசுங்க. அக்ரிமென்ட்ட வாடகை ஆணையத்துல பதியணும்னும் அதே சட்டத்துல இருக்கு, நிறைய ஓனர் பதிய மாட்டாங்க, ஆனா பதியலாமான்னு நீங்க ஒரு தடவை கேட்டு பாருங்க. பத்திரமே இல்லாதவன் அந்த கேள்விக்கு முழிப்பான்.

கமிஷன் ஒரு மாச வாடகை, சாவி கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான். முன்னாடியே கேட்டா குடுக்காதீங்க. நானே கேட்டிருக்கேன், அதான் சொல்றேன்.

கொடை_போய்_குளிர்ல_நின்னவன்

சம்பந்தம் இல்லைன்னாலும் சொல்லிக்கறேன், டூர் வீட்டுலயும் இதே கூத்துதான். போன மே மாசம் கொடைக்கானல்ல காட்டேஜ் புக் பண்ணோம், மேப்ல இருந்த நம்பருக்கு கூப்ட்டா அழகா தமிழ்ல பேசி பாதி பணம் 9,000 வாங்கிட்டான். அங்க போனா காட்டேஜ் இருக்கு, ஆனா அந்த நம்பர் அவங்களோடது இல்லையாம், யாரோ மேப்ல நம்பர மாத்தி விட்டிருக்கான். காட்டேஜ்காரரே தலைல கை வச்சு உக்காந்துட்டாரு, அந்த வாரம் வந்த மூணாவது ஃபேமிலி நாங்களாம். குழந்தைங்களோட ராத்திரி 9 மணிக்கு ரூம் தேடி அலைஞ்சோம். ஜிபேல போடும்போது ஏதோ ஒரு ஆம்பள பேர் வந்துச்சு, மேனேஜரா இருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

அதோட இ-பாஸ் எடுத்து தர்றேன்னு 600 தனியா வாங்கிட்டான் அந்த பாவி. 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கும் ஹைகோர்ட் உத்தரவுல வந்த இ-பாஸ் ஃப்ரீதான், கவர்மென்ட் வெப்சைட்ல வண்டி நம்பர போட்டா நாமளே எடுத்துக்கலாம். எனக்கு காட்டேஜ் காச விட அந்த 600தான் இன்னும் எரியுது.

மதுரைப்பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன்.

மாமா அந்த ஐடி கார்ட கண்ணாடி போட்டு ரெண்டு நிமிஷம் பாத்தாரு. வாயில சிஐஎஸ்எஃப்ங்கறான், கார்டுல இந்தியன் ஆர்மின்னு போட்டிருக்கு, ரெண்டும் வேற வேறடா மடையான்னு இவர திட்டிட்டு, ஃபோனை வாங்கி அவரே பேசினாரு. மாமாவுக்கு இந்தி நல்லா வரும், 17 வருஷம் வடக்கதான் இருந்தாரு. எந்த யூனிட், கமாண்டன்ட் யாரு, நான் ஹவில்தாரா ரிட்டையர் ஆனவன்னு ஆரம்பிச்சாரு, அந்த பக்கம் ஹலோ ஹலோ கேக்கலன்னு கட் பண்ணிட்டான். அப்புறம் எங்க எல்லார் நம்பரையும் ப்ளாக் பண்ணிட்டான். மாமாவுக்கு இப்ப ஒரே குஷி, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் இந்த கதைதான்.

பழைய ப்ரோக்கர் அண்ணன் சொன்ன மாதிரி இவரு சனிக்கிழமை காலைல போய் இறங்கினாரு. ஆசைக்கு அந்த வேளச்சேரி அட்ரஸுக்கும் போய் பாத்திருக்காரு, அப்பார்ட்மென்ட் நிஜமாவே இருக்கு, ஆனா அந்த நம்பர்ல ஒரு டாக்டர் ஃபேமிலி எட்டு வருஷமா குடியிருக்காங்களாம். வாட்ச்மேன் இவர பாத்ததுமே மிலிட்டரிக்காரர் வீடான்னு சிரிச்சிருக்காரு. லீஸ் ஆபீஸ்ல ஓனர் பத்திரம் கேட்டோம், அனுப்பறோம்னாங்க, இன்னும் வரல, நாங்களும் கேக்கல.

மேடவாக்கத்துல ஒரு வீடு பாத்திருக்கோம், இஸ்திரி வண்டி அக்கா சொன்னதுதான். மாடி வீடு, 16,500, அட்வான்ஸ் 75,000, ஏசி இல்ல, பால்கனி கையகலம்தான். ஓனரம்மா கீழ இருக்காங்க. ஈபி பில் காட்டுங்கன்னு இவர் கேட்டதும் அந்தம்மாவுக்கு கோவம் வந்துருச்சு, எங்கள பாத்தா எப்படி தெரியுதுன்னு கேட்டுட்டு அப்புறம் தேடி எடுத்து குடுத்திருக்காங்க. ஆனா பில்லு அவங்க பேர்ல இல்ல, செத்துப்போன மாமனார் பேர்ல இருக்கு. இது பரவாயில்லையா அண்ணே? திங்கக்கிழமை டோக்கன் குடுக்கணும்.

பழைய_ப்ரோக்கர்

ஈபி பேர மாத்தாத வீடு சென்னைல பாதி இருக்கும்மா, அத வச்சு பயப்படாதீங்க. வீட்டு வரி ரசீது யார் பேர்ல வருதுன்னு பாருங்க, அந்தம்மா இல்ல அவங்க வீட்டுக்காரர் பேர்ல இருந்தா சரி. அதுவும் மாமனார் பேர்லயே இருந்தா, கூடப்பிறந்தவங்க யாராவது பங்கு கேட்டு கேஸ் போட்டிருக்காங்களான்னு அந்த இஸ்திரி அக்காகிட்டயே கேட்டுருங்க. அப்படியே போர் தண்ணியா மெட்ரோ தண்ணியான்னும் கேளுங்க.